மனசு லேசாகும் பயிற்சி

அன்புள்ள அப்பா,

ஞாயிறன்று எங்கள் கல்லூரி முதல்வரிடம் சொல்லாமல் விழுங்கிய ஒரு வாக்கியம் இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது. மற்றபடி நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

ஆசிரியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு பயிற்சி வைத்தார்கள். அதுவும் எங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே விடுமுறை நாளில்! வராதவர்கள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம்.

"கண்ண மூடுங்க, மனசுல இருக்கிற பாரத்தையெல்லாம் இறக்கி வைங்க" என்றார் பயிற்சியாளர். என் பக்கத்து மேசை அக்கா, மடியில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே, "நான் இறக்கி வச்சா உன் தலையிலதான்டி ஏத்துவாங்க" என்று முணுமுணுத்தார். சிரிப்பை மறைக்க இருமினேன்.

வேலையை விட்டுப் போன இருவரின் வகுப்புகளையும் அவர்தான் எடுத்துவந்தார். அவர் ஆசையோடு பாடம் நடத்துவதைப் பார்த்துத்தான் நானும் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். கொஞ்ச நாளாக மணி அடித்தாலே அவர் முகம் சுருங்கிவிடும்.

முடிவில் முதல்வர், "என்ன, எல்லாருக்கும் மனசு லேசாச்சா?" என்றார்.

"ஆச்சு சார்!" என்றார்கள் எல்லோரும்.

'அக்காவுக்கு வகுப்பைக் குறையுங்கள், தானாக லேசாகும்.' நான் சொல்லாதது அதுதான். மூச்சுவிட நேரம் தராதவர்கள் மூச்சுப் பயிற்சி தருகிறார்களே அப்பா, என்ன துணிச்சல்!

என் அலமாரியில் பாதியில் விட்ட நாவல் இருக்கும், அனுப்பி வையுங்கள். படிக்க நேரமில்லை, தலைமாட்டில் இருந்தால் போதும்.

மணி அடித்துவிட்டது, நிறுத்துகிறேன். அக்கா நேற்று வேலையை விட்டுவிட்டார். அவருடைய வகுப்புக்குத்தான் இப்போது போகிறேன்.

உங்கள் மகள்