ஹேண்டில் திருப்பி அடித்த நாள்

புஜைரா
12 ஜனவரி 2025

என் தங்கை சந்தியாவைக் கட்டிய மாப்பிள்ளை மணிகண்டனுக்கு,

போனை எடுக்க உங்களுக்குப் பயம், அதனால் கடிதம். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நான் சொல்லச் சொல்ல ரூம் ஜெயசீலன் எழுதுகிறான்.

உங்கள் முதலாளி அர்பாபின் கார், நூறு வருஷம் தாண்டிய வண்டி; அவர் விருந்தன்று அதை ஓட்ட நீங்கள், கிளப்பிக் கொடுக்க கராஜிலிருந்து நான். சாவி கிடையாது, முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அதற்கு முன் சீட்டில் இருப்பவர் ஸ்பார்க் லீவரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ஹேண்டில் திருப்பி அடித்துக் கையை ஒடிக்கும். அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இப்படிக் கை போனது என்று எனக்குச் சொன்னவரே நீங்கள்தான்.

"லீவர் தள்ளியாச்சா மாப்ள?" என்று கேட்டேன். "தள்ளியாச்சு, சுத்துங்க மச்சான்" என்றீர்கள். எங்கே தள்ளினீர்கள்? தலையில் பழங்காலத் தொப்பி, வாயெல்லாம் பல்லாக விருந்தாளிகளின் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கை ஒடிந்ததைக்கூடப் பொறுப்பேன். "இவருக்கு ஹேண்டில் பிடிக்கத் தெரியாது, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்காமல் சுற்றிப் பிடித்துவிட்டார்" என்று அர்பாபிடம் சொன்னீர்களாமே! இத்தனை வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் நான். முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

அன்பரசன்

*

அல் ஐன்
19 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

வலி குறைந்ததா? சந்தியா ஊரிலிருந்து தினமும் கேட்கிறாள்.

ஆனால் யாரோ ஒரு ஜெயசீலனை வைத்து என்னைத் திட்டி எழுதலாமா? குடும்ப விஷயம் கேம்ப் முழுக்க நாறாதா? லீவரைத் தள்ளியதாகத்தான் ஞாபகம். இல்லையென்று சொன்னால் அர்பாப் என் விசாவை அன்றே கேன்சல் செய்வார். சந்தியா மாசமாக இருக்கும் நேரம். உங்களுக்குக் கையில் தொழில் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைப்பீர்கள். கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

மணிகண்டன்

*

புஜைரா
25 ஜனவரி 2025

மாப்பிள்ளை,

கையில் தொழில் இருக்கிறதா? எந்தக் கையில்? இனி ஸ்பேனர் இறுக்காது என்கிறார் டாக்டர். கராஜில் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். என் தங்கையின் வயிற்றைக் காட்டி என் வாயை அடைக்கிறீர்கள், தூ!

வெள்ளிக்கிழமை அர்பாப் என்னைப் பார்க்க வருகிறார். அவரிடம் நான் சொல்லத்தான் போகிறேன். அதற்குள் "தப்பு என்னுடையது" என்று எனக்காவது ஒரு வரி எழுதுங்கள்.

அன்பரசன்

*

புஜைரா
2 பிப்ரவரி 2025

மணிகண்டனுக்கு,

ஒரு வரிகூட நீ எழுதவில்லை. ஜெயசீலனுக்கும் இது தெரியக் கூடாது, அதனால் இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் எழுத்துக் கூட்டிப் படி.

அர்பாப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "சச் போலோ பாய், உண்மையைச் சொல், யார் தப்பு?" என்று கேட்டார். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"என் தப்புதான் அர்பாப். கட்டைவிரலைச் சுத்திப் பிடிச்சுட்டேன்" என்றேன்.

"கலாஸ்", விஷயம் முடிந்தது என்று எழுந்துவிட்டார். அந்த வண்டிக்குப் பேட்டரி ஸ்டார்ட்டர் மாட்டப் போகிறாராம். நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்த சாமான், என் கை போன பிறகு ஞாபகம் வந்திருக்கிறது. உன் தொப்பிக்கும் சீட்டுக்கும் ஆபத்தில்லை.

அந்தப் பொய் சந்தியாவுக்காக. உனக்காக இல்லை.

நாளை மறுநாள் ஊருக்குப் போகிறேன். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தானே உட்காரவைக்க வேண்டும்? சந்தியா தூக்கிக்கொண்டு வரட்டும், ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொள்வேன். நீ என் வாசல் ஏறாதே.

அன்பரசன்