தக்காளியைக் கொன்ற கிருமி

அப்பாவுக்கு மூத்தவள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நம் தக்காளித் தோட்டத்தையே வாட வைத்த கிருமியை இங்கே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்தேன். நோயை எதிர்க்கக் காட்டுக் கத்தரி தன் வேரில் சுரக்கும் நுண்புரதத்தை அதன்மேல் ஒரு சொட்டு விட்டேன். மறுநாள் பார்த்தால், சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி ஒன்றுகூட மிச்சமில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

“கிருமிமேல இவ்வளவு கோபமாம்மா?” என்றார் பேராசிரியர்.

“செடியெல்லாம் பிடுங்கி எரிச்சப்போ எங்கப்பா அழுதாரு சார். தட்டுல செத்தது பத்தாது. மண்ணுக்குள்ள தேடிப்போய் ஒழிக்கணும்.”

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். பேச்சுத்துணை இல்லாத அறையில் குளிர் அதிகம். கிருமி செத்த தட்டின் படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன், கண்குளிரப் பாருங்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள், பெண் கொலைகாரியாகிவிட்டாள் என்பாள். நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்