களியக்காவிளை டாக்டர்

பிப்ரவரி 5, திங்கள்

லாரி ஓட்டிய காலத்தில் இமயமலைவரை போய்வந்த முதுகு இது. பக்கத்து ஆரல்வாய்மொழியைக்கூடத் தாண்டியதில்லை என்பாள் என் மனைவி லீலாபாய், அவளுக்கென்ன தெரியும்! முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு ட்ரமடால் என்ற வலி மாத்திரை இருந்தால்தான் நடமாட்டம்.

இன்று நெய்யாற்றின்கரை வலி கிளினிக்கில் ஷிஜி என்றொரு புது நர்ஸ். இந்த மாத்திரை அபினி இனமாம், பழக்கமாகிவிடுமாம், அதனால் எல்லாரையும் விசாரிக்கிறார்களாம். “வேற எங்கயாவது வாங்குறது உண்டா அங்கிள்?”

கேரளா-தமிழ்நாடு எல்லையில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா? காய்ச்சலுக்கு இந்தப் பக்கம், பல்லுக்கு அந்தப் பக்கம் என்றுதானே எங்கள் பாறசாலையே நடக்கிறது. சும்மா இருப்பேனா? “எல்லை தாண்டி களியக்காவிளையில எனக்கு ஒரு பெரிய டாக்டர் உண்டு. என்னைக் கண்டா எழும்பி நிப்பாரு. கேட்டா கை நிறைய தருவாராக்கும்!” வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷிஜியின் பேனா நின்றது. ஒரு மாதத்துக்குத் தருகிற மாத்திரையை இரண்டு நாளுக்கு மட்டும் தந்தார்கள். அந்த டாக்டரின் சீட்டைக் கொண்டுவந்தால்தான் இனி கிடைக்குமாம்.

என்னை! கள்ளனைப்போல!

பிப்ரவரி 6

பஸ் ஸ்டாப்பில் எங்கள் ஊர் சிவபிரசாத், கிளினிக் கதை அதற்குள் அவன் காதுக்கும் போய்விட்டது: “எலே தேவகுமாரு, ரெண்டு ஸ்டேட்டு போலீசும் உன்னைத் தேடுதாமே?”

கிளினிக்கைப் பற்றி கலெக்டருக்கு எழுதியாயிற்று என்றேன். மந்திரிக்கும் என்றேன். எழுதத்தான் போகிறேன்.

பிப்ரவரி 8

மாத்திரை தீர்ந்தது. உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

“போய் உள்ளதைச் சொல்லுங்க,” என்கிறாள் லீலாபாய். “இல்லாத டாக்டருக்க சீட்டை எங்கேருந்து கொண்டுவருவீங்க?”

ஆமாம், அப்படி ஒரு டாக்டர் கிடையாது. அங்கே ஒருதடவை பல் பிடுங்கப் போனதுதான். அதற்காக? ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதற்கு இதுவா தண்டனை? வாய்தானே பேசியது, முதுகு என்ன செய்தது? அந்தப் பெண்ணிடம் போய் நான் சொன்னது பொய் என்று — மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

பிப்ரவரி 10

நாசமாய்ப் போகட்டும் அந்த கிளினிக்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. பாட்டுச் சத்தம் இங்கே கேட்டது. ஜன்னல்வரை எழுந்து போக முடியவில்லை.

பிப்ரவரி 12

லீலாபாய் ஆட்டோ பிடித்தாள்.

ஷிஜியிடம், அந்த டாக்டர் இல்லை என்றேன்.

“இல்லேன்னா? வேற ஊருக்கு மாறிப் போயிட்டாரா?”

“பொறக்கவே இல்ல.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வேறு எங்காவது வாங்கித் தின்கிறேனா என்று சோதிக்க, மூத்திரம் பிடித்துவரக் குப்பி தந்தாள். அத்தனை பேர் பார்க்க அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன், நான்!

பிறகு, “வலி பத்துக்கு எத்தனை?”

“எட்டு.”

என் முகத்தையே பார்த்தாள். “நெசமா அங்கிள்?”

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவளுக்கு நான் என்ன சத்தியமா செய்து தரவேண்டும்? கத்த வாயெடுத்தேன். அதற்குள் லீலாபாய், “எட்டுதான் மக்கா. பக்கத்துல கிடக்கிறவ நானாக்கும்,” என்றாள்.

ஷிஜி உடனே எட்டு என்று எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்கு மாத்திரை கிடைத்தது. இனி வாராவாரம் லீலாபாயும் கூட வரவேண்டுமாம்.

திரும்பும்போது ஆட்டோக்கார சஜன், “என்ன மாமா, கிளினிக்குல என்ன சொன்னாவ?” என்று கேட்டான்.

“லீலாட்ட கேளு,” என்றேன்.