ஏரி என்றுதான் எழுதினாய்

என் அருமை அண்ணா,

உன் கருமாதி முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை, கோட்டைத் துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷியின் ஆள் வாசலில் வந்து நின்றான். கோட்டைத் துறையில் பிடித்துக் கட்டியிருக்கும் நம்மைப் பெற்ற நைனாவின் தோணியை அவிழ்த்துவிடுவார்களாம். அதற்கு நான் ஓர் ஓலையில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ‘என் அண்ணன் கன்னியப்பன் கிட்டங்கியை எரிக்கச் சொல்லித்தான் எழுதினான், நானே படித்தேன்’ என்று அதில் எழுதியிருந்தது.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை ஓடத்துறை மரத்தில் கட்டப்போகிறேன், ஊரும் கேட்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ கிட்டங்கியில், கப்பல் சரக்கை அடுக்கிவைக்கும் கொட்டடியில், துணிமூட்டைகளுக்கு அடையாளம் எழுதுகிறவன். வேலை முடிந்து வரும்போது அன்றைக்குப் பார்த்ததையும் கேட்டதையும் ஓர் ஓலையில் கீறி, துறைப் பூவரச மரத்தில் கட்டுவாய். எந்தக் கப்பல் வந்தது, எந்தப் பக்கம் இறால் படுகிறது, பசியாவரத்தில் யார் வீட்டில் காய்ச்சல், எல்லாம் அதில் இருக்கும். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு நான் படிப்பேன். “இன்னாமே போட்டுக்கிறான் உங்கண்ணன்?” என்று கேட்காமல் ஓடம் ஏறினவர் உண்டா?

மழை பொய்த்து, திருப்பாலைவனத்திலிருந்து வேலை தேடி வந்த பெண்களைத் துபாஷி கிட்டங்கியில் போட்டுப் பூட்டினான். கப்பல் வந்ததும் கடல் தாண்டி விற்பதற்கு. தேடி வந்த தாய்மாரிடம், “அவுங்க நெல்லூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க” என்றான். நீ சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டாய், எழுதினாய்: ‘துபாஷி கிட்டங்கியில் ஆள் அடைப்பு. ஏரி பக்கக் கதவு.’ நான்தான் உரக்கப் படித்தேன். அன்று பிற்பகலே ஓடங்கள் போய் அந்தக் கதவின் எதிரே நின்றன. பெற்றவர்கள் போட்ட கூச்சலில் கதவைத் திறந்துவிட்டார்கள். அத்தனை பெண்களும் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் உன்னை இழுத்துப் போனார்கள், நைனாவின் தோணியையும் பிடித்துக் கட்டினார்கள். ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்து கோட்டையில் இருக்கும் உலாந்தாக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது, துபாஷி சொல்வதுதான் அவருக்குத் தமிழ். உன்மேல் குற்றம் சொன்னவனும் அவன், உன் ஓலையைப் படித்துச் சொன்னவனும் அவன். இது எந்த ஊர் நியாயம், அண்ணா?

குறில் எ-வுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும், ஆனால் குத்தினால் ஓலை கிழியும் என்று நாம் யாரும் புள்ளி வைப்பதில்லை. எரி என்றாலும் ஏரி என்றாலும் ஓலையில் ஒரே எழுத்துதான், படிக்கிறவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். அந்தப் படுபாவி இடம் பார்த்துத்தான் படித்தான். ‘எரி, பக்கக் கதவு’ என்று படித்து, கிட்டங்கிக்குத் தீ வைக்கச் சொன்னதாகத் துரைக்கு அவர் மொழியில் சொன்னான். இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் எவனாவது அதை எரி என்று படிப்பானா?

“ஏரிங்க தொர, ஏரி. தோ தெரியுதே, இந்தத் தண்ணிங்க” என்று கூட்டத்திலிருந்து கத்தினேன். துபாஷி சிரித்தான். “மீன் விக்கிறவ படிச்சதெல்லாம் தொரைகிட்ட சொல்லினு இருக்க முடியுமா? போமே” என்றான். துரை உனக்குக் கசையடி விதித்தார். அடி பட்ட மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். மகளைத் திரும்பப் பெற்ற ஒருவர்கூட அங்கே வாய் திறக்கவில்லை. பயம்தான், புரிகிறது. புரிந்தாலும் எனக்கு ஆறவில்லை.

இப்போது துபாஷியின் முத்திரை இல்லாமல் துறையில் ஓலை கட்டக்கூடாது என்று தண்டோரா போட்டிருக்கிறார்கள். மரத்தில் தொங்குகிற ஓலையில் என்ன இருக்கிறது தெரியுமா? துரை நலம். துபாஷி நலம். கப்பல் நலம். போன வாரம் பசியாவரம் ஓடம் கவிழ்ந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி போய்விட்டாள், அது இல்லை.

நைனா கையெழுத்துப் போடச் சொல்கிறார். “செத்தவன் செத்துட்டான். தோணி இல்லாம எத்தினி நாளைக்கு அடுத்தவன் வலைய இழுக்கிறது? இன்னா எழுதினாலும் அவனுக்கு இன்னா இப்போ?” என்றார். சொல்லிவிட்டு அவரேதான் அழுதார். நான் போட்டால் தோணி வரும், நீ தீ வைக்கச் சொன்னவன் ஆவாய். அதோடு விடுமா? இனி யார் எதை எழுதினாலும் அதற்கு அவன் சொல்வதுதான் அர்த்தம் என்று ஆகிவிடாதா?

நேற்றுக் காலை திருப்பாலைவனத்திலிருந்து முனியம்மா நடந்தே வந்தாள், மகள் செங்கேணியையும் கூட்டிக்கொண்டு. கிட்டங்கியில் கிடந்தவர்களில் செங்கேணியும் ஒருத்தி. “அன்னிக்கு நான் வாயத் தொறக்கல எல்லம்மா. என்னை நீ இன்னா வேணா திட்டு. ஆனா என் பேர எழுது, இவ பேரையும் எழுது” என்றாள் முனியம்மா. நான் திட்டத்தான் செய்தேன். திட்டி முடித்ததும் செங்கேணி சொன்னாள்: “கதவு தொறந்ததும் தண்ணிதான் தெரிஞ்சிது அக்கா. முட்டி ஆழத்துல எறங்கித்தான் ஓடம் ஏறினோம்.” துரைக்கு இதை யார் மொழிபெயர்த்துச் சொல்வார்கள்?

துபாஷியின் ஓலையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். நைனா என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் மட்டும் சாப்பிடுகிறார்.

ஓடம் நிறைகிற நேரமாகப் பார்த்து இதைக் கட்டுகிறேன். முத்திரை கிடையாது. இனி இந்தத் துறையில் யார் ஓலை கட்டினாலும், அது கோட்டைக்குப் போவதற்கு முன்னால் ஓடம் முழுக்கக் கேட்கும்படி நான் படிப்பேன், அண்ணா. இது உனக்கு நான் தரும் வாக்கு. எழுதியவனைப் பிடிக்க வருகிறவர்கள் கேட்டவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பிடித்துப் போகட்டும். முனியம்மாவும் செங்கேணியும் சாட்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். என் பெயரையும் ஊரையும் கீழே எழுதுகிறேன், தேடி வருகிறவர்கள் வழி கேட்டு அலைய வேண்டாம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
மீன் விற்கிற எல்லம்மா,
கோட்டைக்குப்பம்.