எங்கள் ஊர்ப் பாறை

2025 பிப்ரவரி 3, திங்கள்

ஷிஃப்ட் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒருவழியாகச் சுங்குவார்சத்திரம் தாண்டி வேலையிடம் சேர்ந்தேன். எங்கள் ஊர் ஏரிக்குப் பின்னால் உள்ள பாறைமேடு. முதல் துளையில் எடுத்த கல் தண்டுகளை வெயிலில் அடுக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பாறையைக் குடைந்து, எஃகுத் தகடு பதித்து, பகல் வெயிலில் தயாரிக்கும் ஹைட்ரஜனை உள்ளே அடைத்துவைத்தால் ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் உலைகள் இரவிலும் ஓடும். இத்தனை வருஷமாகப் பாறை பார்க்கிறேன். இது நடக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஊர்க் கூட்டம். வெடிக்குமா, கிணறு கெடுமா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். பொறுமையாகச் சொன்னேன், பாதிப் பேர் நம்பவில்லை. அண்ணன் புருஷோத்தமன் எழுந்தான். "என் தங்கச்சி மஞ்சுளா சொல்றா. அவளுக்கு நான் பொறுப்பு. அப்பால இன்னா?" கூட்டம் அடங்கிவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இரண்டாம் துளை. உள்ளே தண்ணீரை அழுத்தி, வாயை அடைத்துப் பார்த்தோம். அழுத்தமானியின் முள் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே வந்தது.

பிப்ரவரி 19, புதன்

கருவியில் கோளாறோ என்று மாற்றிப் பார்த்தோம். அதே இறக்கம். கீழே சாய்வாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. பின்னாலிருந்து பாறை தாங்காவிட்டால் எந்த எஃகுத் தகடும் கிழியும்.

திட்டத் தலைவர் ரகுபதி சார் சிமெண்ட் செலுத்தி அடைக்கலாம் என்றார். நாள்தோறும் வாயுவை ஏற்றி இறக்கப்போகிறோம், சிமெண்ட் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டேன். "வேற இடம் கிடைக்கலைன்னா திட்டமே போயிடும், மஞ்சுளா" என்றார். கோபமில்லை, களைப்பு. யோசிக்கச் சொன்னார்.

யோசிக்க என்ன இருக்கு?

பிப்ரவரி 20, வியாழன்

அறிக்கை அனுப்பிவிட்டேன். இந்த இடம் வேண்டாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஊரில் நானே போய்ச் சொன்னேன். வேறு யார் வாயாலும் அது போகக் கூடாது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஊர் முன்னாடி என்னை இப்டி நிக்க வெச்சிட்டியே. முன்னாடியே தெரியாதா உனுக்கு?" என்றான்.

"தெரியாதுண்ணா. தெரிஞ்சுக்கத்தானே துளை போட்டோம்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். நான் அழுதேன் — ஆனா எழுதினது தப்புன்னு ஒரு நிமிஷம்கூடத் தோணல. இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணிதான் பேசினாள். கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கிறானாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஒரகடத்துக்குத் தெற்கே, பழைய கல்குவாரியைத் தாண்டி இன்னொரு பாறை. அந்த ஊர்க்காரர்கள் துளை போடும் வண்டியை மறித்துவிட்டார்கள். ரகுபதி சார் இதுவும் போச்சு என்கிறார். போகாது. பாறை நன்றாக இருக்கும்போலத்தான் தெரிகிறது. தெரிவது போதாது, துளை வேண்டும்.

மே 6, செவ்வாய்

வண்டியை உள்ளே விட்டார்கள். ஏன் மனம் மாறினார்களோ, யாரும் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்று துளையிலும் முள் நின்றது. மாலை வரை பார்த்தோம். அசையவில்லை. ரகுபதி சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த ஊர் வார்டு உறுப்பினர் கனகம் அக்கா மோர் கொண்டுவந்தார். "உங்க அண்ணன் நல்லா கீறாரா?" என்றார்.

எங்க அண்ணனை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

ஷிஃப்ட் முடிந்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தானாம். டீக்கடையில் ஆட்களைக் கூட்டிவைத்துப் பேசியிருக்கிறான். "'எங்க ஊர்லயே வேணாம்னு எழுதினவ அவ. இங்க சரின்னு சொன்னா நம்பலாம்'னாரு. அப்பாலதான் வண்டிய வுட்டோம்" என்றார் கனகம் அக்கா.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவன்.

போன் போட்டேன். இன்று சோதனை என்று அண்ணி சொல்லியிருப்பாள்போல. முதல் மணியிலேயே எடுத்தான்.

"நின்னுச்சா?" என்றான்.