அலமாரியில் மூன்று கால்கள்

மார்ச் 3, திங்கள்

இன்று பட்டறையில் ஐந்து செயற்கைக் கால், ஒரு கை. பஸ் கண்டக்டர் வந்திருந்தார். புதுக்காலை மாட்டி, இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டேன். சிமெண்டுத் தரையில் நடக்கிற மனிதர், பஸ் வளைவில் திரும்புகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து வருகிறார். "ஐயா, வண்டி நின்னாச்சு. நேரா வாங்க" என்றேன். "முப்பது வருஷப் பழக்கம்மா, உடனே விடுமா?" என்றார். எங்கே வலிக்குது, எப்போ வலிக்குது, எப்படி வலிக்குது என்று வழக்கமான மூன்று கேள்வியும் கேட்டு, கிண்ணத்தின் உட்புறம் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தேன். மீதிக்கால் உள்ளே போய் உட்காருகிற இடத்தைத்தான் கிண்ணம் என்போம். அது சரியாக அமைந்தால் மனிதர் ராஜா, இல்லையென்றால் ஊரோடே சண்டை.

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் மின்சார அலுவலகத்துக் கடிதம். என் வீட்டுக்காரருக்குத்தான். துணை மின் நிலையத்தில் ஒரு வேலை காலியாம். பழைய லைன்மேன்களுக்கு முன்னுரிமையாம். ஏப்ரல் 16 நேரில் வரவேண்டும். ஒரு கையில் டார்ச், மறு கையில் பதிவேடு பிடித்துக்கொண்டு நூறு அடி நடந்து, பத்துப் படி ஏறிக் காட்ட வேண்டும்.

இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்திருக்கிறவர் டார்ச்சை எதில் பிடிப்பார்? பல்லிலா?

போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, சாய்ந்து கிடந்த மின்கம்பங்களை நிமிர்த்தப் போன இடத்தில், புல்லுக்குள் கிடந்த கண்ணிவெடி. இடது கால், முழங்காலுக்குக் கீழே. ஏழு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம்தான் நான் இந்தப் பட்டறை வேலையையே கற்றுக்கொண்டேன். இன்று முந்நூறு பேராவது நான் செய்த காலில் நடக்கிறார்கள். என் புருஷனுக்குச் செய்த மூன்று கால் மட்டும் அலமாரியில், போர்வைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கேட்டால், "முன்னறையில உக்காந்து ஃபேன் ரிப்பேர் பண்றவனுக்கு ரெண்டு கால் எதுக்கு?" என்பார். அந்த வாய்க்கு மட்டும் எந்த வெடியாலும் ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 5, புதன்

கடிதத்தை இன்று நாலு தடவை எடுத்துப் படித்தார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

மார்ச் 7, வெள்ளி

"போறீங்களா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

பதினெட்டு வருஷமாக இந்தப் பாக்கலாமோடு குடும்பம் நடத்துகிறேன். இது வேண்டாம் என்கிற பாக்கலாம் இல்லை. ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. நாலாவது கால் செய்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். இவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். என் பையில் அளவு நாடா இருந்தது. சத்தமில்லாமல் கால்சட்டையை மடித்துவிட்டு அளவெடுத்தேன். சுற்றளவு நாலு இடம், நீளம் ஒன்று. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். கடைசி எண்ணை எழுதும்போது கண்ணைத் திறந்துவிட்டார்.

"தூங்குற மனுஷனுக்கு அளவெடுக்குறியே, சவப்பெட்டிக்கா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "இந்தத் தடவை சரியா செஞ்சு தர்றேங்க" என்றேன். பிடித்துக்கொண்டார்.

"பட்டறைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு கேக்குற. நான் பாத்திருக்கேன். எங்கிட்ட என்னைக்காவது கேட்டியா? வலிக்குதுன்னு நானா சொன்னாலும் 'பழகிடும்'ங்குற. எனக்கு வீட்டுல பொண்டாட்டி வேணும், மேஸ்திரி வேணாம்."

எழுந்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபேனைக் கழற்ற ஆரம்பித்தார். நான் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எண்கள் போகவே இல்லை. நாசமாய்ப்போகிற பேனா.

மார்ச் 10, திங்கள்

கேக்கலையா நான்? நிஜமாவே கேக்கலையா?

முதல் கால் செஞ்சப்போ... இல்ல. ரெண்டாவதுக்கு... இல்ல. மூணாவதுக்கு இல்லவே இல்ல. என் புருஷன் கால், எனக்குத் தெரியாதான்னு இருந்திருக்கேன். திமிரு. சுத்தத் திமிரு. ஊருக்கெல்லாம் கேட்ட கேள்விய வீட்டுல இருக்கிறவர்கிட்ட கேக்கணும்னு தோணல பாரு எனக்கு.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இனி வீட்டில் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. போவதும் போகாததும் அவர் இஷ்டம். மகளிடம் சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "எத்தனை மணி நேரத்துக்கும்மா?" என்றாள். பதினஞ்சு வயசு, அப்படியே அப்பன் வாய்.

மார்ச் 13, வியாழன்

பேசவில்லை. நாக்கு அரிக்கிறது.

மார்ச் 20, வியாழன்

கீழ்வீட்டு அக்கா படியில் நிறுத்திவைத்துச் சொன்னார். இவர் செவ்வாயும் வியாழனும் மதியம் மூன்று மாடி இறங்கி எங்கேயோ போய்விட்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் வருகிறாராம். "கேட்டா ஃபேனுக்கு காயில் வாங்கப் போறேங்கறாரு. எனக்கென்னமோ சரியாப் படல" என்று கண்ணை உருட்டினார். எனக்கும் சரியாகப் படவில்லை. செவ்வாய், வியாழன் மதியம் நான் ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு அளவெடுக்கப் போய்விடுவேன். அந்த நேரமாகப் பார்த்து என்ன காயில்?

மார்ச் 21, வெள்ளி

காயில் கிடைத்துவிட்டது.

சாப்பாட்டு நேரம். மாவு அச்சுகள் காய்கிற அறைக்கு ஏதோ எடுக்கப் போனேன். வந்தவர்களின் மீதிக்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, அதைக் கழற்றி, உள்ளே மாவை ஊற்றி, அதே வடிவத்தில் அச்சு எடுப்போம். அந்த அச்சின்மேல்தான் கிண்ணம் வார்ப்பது. மேல்தட்டில் ஒன்பது அச்சு. ஏழாவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். முன்பக்கம் இரண்டு சின்னக் குழி, வெளிப்பக்கம் உதட்டைச் சுழித்த மாதிரி ஒரு தையல் மடிப்பு. ஊரில் யார் முகத்தை மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன். கட்டியிருந்த சீட்டில் மாவு அண்ணனின் கோழிக்கிறுக்கல்: "திரு. மின்விசிறி. ஏப். 16க்கு. அவசரம்."

மாவு அண்ணன் எங்கள் பட்டறையில் அச்சு எடுக்கிறவர். தலைமுடியிலிருந்து செருப்புவரை எப்போதும் வெள்ளையாக இருப்பதால் அந்தப் பெயர். காலையில்கூட என்னிடம் ஒன்றுமே தெரியாத மாதிரி டீ வாங்கிக் குடித்தார். திருடன்!

சந்தோஷமா? ஆமாம். கோபமா? அதுவும்தான். என்னைவிட அண்ணன்மேல் நம்பிக்கையா என்று வயிறு எரிந்தது. அப்புறம் அந்த அச்சை முட்டாள் மாதிரி கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றேன்.

தடவினது தப்பு. கைக்குத் தட்டுப்பட்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்துகிற சின்ன எலும்பு இருக்கிறதே, அந்த இடத்தில் அண்ணன் மாவை அப்பி மேடாக்கி வைத்திருக்கிறார். அச்சில் மேடு என்றால் கிண்ணத்தில் அந்த இடம் தொளதொள. நான் என்றால் அங்கே கச்சிதமாகப் பிடித்திருப்பேன். இவ்வளவு இடம் விட்டால் கால் உள்ளே ஆடும். அதிகாரிகளுக்கு முன்னால் படியில் தடுமாறுவார். விழுந்தால் வேலை மட்டுமா போகும்? அப்புறம் இந்த ஜென்மத்தில் காலைத் தொடமாட்டார்.

அரம் பக்கத்திலேயே இருந்தது. யாரும் இல்லை. எடுத்தேன். நாலு இழுப்புப் போதும், அண்ணனுக்கே தெரியாது. அரத்தை அச்சின்மேல் வைத்தும்விட்டேன்.

தேய்க்காமலே எடுத்துவிட்டேன். அவர் என்னிடம் வரவில்லை. அண்ணனிடம் போயிருக்கிறார். வெளியே வந்து கையைக் கழுவினேன், ஒன்றும் செய்யாத கையை.

மார்ச் 22, சனி

போய்த் தேய்த்துவிடட்டுமா?

மார்ச் 24, திங்கள்

கிண்ணம் வார்த்தாகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது. அப்பாடா. ஐயோ.

ஏப்ரல் 3, வியாழன்

சட்டைக் காலரில் வெள்ளைத் தூள்.

"என்னங்க இது?"

"கடையில வெள்ளையடிக்கிறாங்க."

"ஓ, அப்படியா."

மகள் சமையலறைக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னாலேயே போய்க் காதைப் பிடித்தேன். அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். எனக்குத் தெரியும் என்பதும் தெரியுமாம். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரே ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாளைக்கு "ஒரு வேலையா" வெளியே போகிறாராம். நல்ல சட்டையைத் தேய்த்து வைத்தேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை. அந்த எலும்பு ஞாபகமாகவே இருக்கிறது. விழாம இருக்கணும். வேலை கிடைக்காட்டிப் போகுது, விழாம இருந்தா போதும்.

ஏப்ரல் 16, புதன்

லீவு போட்டுவிட்டேன். காலையிலிருந்து மூன்று தடவை வீட்டைப் பெருக்கினேன். மாலை ஐந்தேகாலுக்குப் படியில் செருப்புச் சத்தம். ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் இல்லை. இரண்டு செருப்பு, ஒன்றன்பின் ஒன்றாக. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் எத்தனை படி என்று எண்ண முடியவில்லை.

கதவைத் திறந்தால் இவர் நிற்கிறார். பின்னால் மாவு அண்ணன், இரண்டு ஊன்றுகோலையும் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்திக்கொண்டு.

"என்னாச்சு?"

"மொதல்ல டீயக் குடு. படி பத்தும் ஏறியாச்சு. பதினொண்ணாவது இருந்தா அதையும் ஏறியிருப்பேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். படி, டார்ச், பதிவேடு எல்லாம் சுலபமாக முடிந்ததாம். கடைசியில் அதிகாரி, அந்த மின்கோபுரம்வரை போய் அதிலிருக்கிற எண்ணைப் படித்துக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார். நடுவில் முழங்கால் உயரப் புல்.

"நின்னுட்டேன். கால் ஒண்ணும் பண்ணல. புல்லுதான்."

ஏழு வருஷமாக இவர் புல்லில் அடி வைத்ததில்லை. பூங்காவில்கூடச் சிமெண்டுப் பாதைதான்.

"என்னப்பா, வலிக்குதான்னாரு. இல்ல சார், நீங்க முன்னால போங்க, நான் பின்னாடியே வர்றேன்னேன். ஏதோ மரியாதைன்னு நெனச்சுக்கிட்டாரு போல. நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தாரு. அவரு கால் வச்ச எடத்துலயே நானும் வச்சு வச்சுப் போயிட்டேன். நல்லவேளை, மனுஷனுக்குப் பெரிய பாதம். நடுவுல ஒரு எடத்துல திடீர்னு தாண்டினாரு. நானும் தாண்டினேன்."

"தாண்டினீங்களா! அந்தக் காலோடயா?"

"பின்ன? அவரு தாண்டுனதுக்கு என்ன காரணம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் டீ புரையேறிச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. இவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கையிலிருந்த டீ குடிக்காமலே ஆறிப்போயிருந்தது. டம்ளரை வாங்கி வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் "எல்லாம் உங்க வீட்டுக்காரரோட கால்தாம்மா, நான் கேட்டுக் கேட்டு செஞ்சேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் இவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எங்க வலிக்குது?"

கேட்டே விட்டேன். இவர் காலைக் கழற்றி வைத்துவிட்டு, என் விரலைப் பிடித்து அந்தச் சின்ன எலும்பின்மேல் வைத்தார்.

"இங்க. இப்ப இல்ல, பழசுல. மூணு காலும் இங்கதான் கடிச்சுது. நரம்பு என்னமோ மாட்டியிருக்கு. அண்ணன்கிட்ட, இங்க மட்டும் தொடாம விட்டுடுங்கன்னேன்."

நான் அரம் வைத்த அதே இடம். மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"தேய்ச்சியா?"

"இல்ல."

"தேய்ச்சிருந்தா இன்னைக்கு அந்த சார் முதுகுல சாய்ஞ்சிருப்பேன். வேலைக்குப் பதிலா கேஸ் போட்டிருப்பாங்க."

மன்னிச்சுக்கோங்க என்றேன். "சரி, சரி, சோத்தப் போடு" என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது! மே 5 முதல். கடிதத்தை மகள் உரக்கப் படித்தாள். இவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவைக்குக் கீழ்வீட்டு அக்காவும் வந்துவிட்டார்.

மே 5, திங்கள்

இவருக்கு இன்று முதல் நாள், காலை ஷிப்ட். ஐந்து மணிக்கே எழுந்து எல்லாரையும் எழுப்பிவிட்டார். இடது கையில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும். வலது கையில் குடை, போதாததற்குக் கக்கத்தில் கீழ்வீட்டு அக்காவின் டேபிள் ஃபேன், போகிற வழியில் கொடுத்துவிடலாமாம். நான் எடுத்துவருகிறேன் என்றதற்குத் தரமாட்டேன் என்றுவிட்டார். அப்படியே வாசலைத் தாண்டினவர் திரும்பி நின்று குரல் கொடுத்தார்.

"ஏய், கதவச் சாத்திக்கோ. எனக்குக் கை ஒழியல."

சரிங்க என்றேன். இவர் கீழே ஃபேனைக் கொடுத்து, அக்காவிடம் அது ஏன் பழுதானது என்று ஒரு பிரசங்கம் செய்து, தெருவில் இறங்கி, முனை திரும்பும்வரை சாத்தவில்லை. பட்டறைக்கு இருபது நிமிஷம் தாமதமாகத்தான் போனேன்.