கிளவுஸ் போடச் சொன்னது நான்தான்

ஜூலை 8, செவ்வாய்

ரேவதி அக்கா ரிப்ளை போட்டுட்டாங்க, எனக்கு, எனக்கே எனக்கு, ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டு மாடியில நடக்குற பேச்சுக் கூட்டத்த வீடியோ எடுக்க என்னைய வரச் சொல்லிட்டாங்க!!!!

காலையிலயே அனல் காத்து. அலங்காநல்லூர்ல இருந்து வர்ற பஸ்ஸு, நிக்கக்கூட எடமில்ல. மெசேஜப் பாத்ததும் கத்திட்டேன். பக்கத்துல பூக்கூடையோட ஒரு அம்மா.

"என்னத்தா, வேலை கெடச்சிருச்சா?"

"அத விடப் பெருசும்மா."

"கல்யாணமா?"

"அதவிடவும் பெருசு."

அந்தம்மா கூடைய இழுத்து வச்சுக்கிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிச்சு.

செய்ய வேண்டியது: போன் மெமரி காலி பண்ணணும். காலரு மைக் ஒண்ணு கடன் வாங்கணும். கடையில ஞாயிறு லீவு சொல்லணும். நீல சுடிதார் தேய்க்கணும்.

அக்கா யூட்டியூப்ல மொத மொத வீடியோ போட்டது முள்ளுமுருங்கை வடை. இலைய அரைச்சு, பச்சரிசி மாவுல பெசஞ்சு, உள்ளங்கையில தட்டித் தட்டி எண்ணெயில விடுவாங்க. பச்சைப் பசேல்னு உப்பி வரும். அவங்க ரெண்டு கையிலயும் வெண்புள்ளி. விரலு, மணிக்கட்டு, அம்புட்டும். அப்ப வெறும் சமையல் மட்டுந்தான். இப்ப பாதி சமையல், பாதி பேச்சு. "கேக்கணும்னு தோணுறதக் கேளுங்க, வாய மூடிட்டு மூஞ்சியச் சுளிக்காதீங்க"ம்பாங்க. அந்த ஒரு வரிக்கே நான் அடிமை.

சரி. யாரும் படிக்கப் போறதில்ல. எழுதிர்றேன்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அந்த வடை வீடியோவுல ஒரு கமெண்ட் போட்டேன். வேற ஐடி. ரோசாப்பூ டிபி. "அக்கா வடை சூப்பர். ஆனா கிளவுஸ் போட்டுச் செய்யுங்க ப்ளீஸ். கையப் பாத்தா சாப்பிடத் தோணல." கும்பிடு எமோஜி வேற. கமெண்ட்லயே அதுக்குத்தான் லைக் அதிகம். நானும் பெருமையா உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். நல்லதுதான சொன்னோம்னு.

அடுத்த வீடியோவுல இருந்து அக்கா கையில பாலிதீன் கிளவுஸ்.

இப்பத்தான் அந்த ஐடிக்குள்ள போயி கமெண்ட்ட அழிச்சேன். அப்பாடா.

ஜூலை 9, புதன்

செல்போன் கடையில கூட வேலை பாக்குற மீனாகிட்டச் சொன்னேன். டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கிட்டே, "ஏன்டி, அந்த வடை அக்காவா? எடிட்டிங்க எங்கிட்டுப் படிச்சன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"யூட்டியூப்."

"ஃபீஸு?"

"நெட்பேக்கு."

சாயங்காலம் அம்மா. "அந்தப் பொம்பள வீட்டுக்கா போற? போறது சரி. வாயில எதையும் வாங்கிப் போட்டுக்கிறாத."

"அது தொத்தாதும்மா. நூறு தடவ சொல்லியாச்சு."

"தொத்தாதுன்னே வச்சுக்கோ. எதுக்கு வம்பு?"

கோவம் வந்துச்சு. அப்புறம் என் கமெண்ட் ஞாபகம் வந்துச்சு. அம்மாவாச்சும் சொந்தக் கொரல்ல சொல்லுது.

மைக் கெடச்சிருச்சு. கிளிப் உடைஞ்சிருக்கு. ரப்பர் பேண்ட் போட்டுக்கலாம்.

ஜூலை 12, சனி

அக்கா வீடு!!! மகால் பக்கம், ரெண்டு ஆளு சேந்து நடக்க முடியாத சந்து. கேமராவ எங்க வைக்கிறதுன்னு பாக்கப் போனேன்.

போன்ல பாக்குறத விட அக்கா குள்ளம். கொரல் பெருசு. வீட்டுக்காரரோட சௌராஷ்டிராவுல சண்டை, என்கிட்டத் தமிழ்ல சிரிப்பு, ரெண்டும் ஒரே மூச்சுல. "அவரு தமிழ்ல சண்டை போட்டா ஜெயிச்சிருவாரு, அதான் எங்க பாஷை"ன்னாங்க. அந்த அண்ணே, "எந்தப் பாஷையிலயும் நான் ஜெயிச்சதில்லம்மா"ன்னாரு.

வடை குடுத்தாங்க. மேல பொடி தூவி. அஞ்சு தின்னேன். தொண்டையில இறங்குறதுக்குள்ள கண்ணு கலங்கிருச்சு. காரம்னு சொல்லிட்டேன்.

அப்புறம் ஒரு பிஸ்கட் டின்ன எடுத்துட்டு வந்தாங்க. உள்ள பூரா துண்டுச் சீட்டு. வந்த மோசமான கமெண்ட்ட எல்லாம் அவங்களே கையால எழுதி வச்சிருக்காங்க! கூட்டத்துல ஒண்ணொண்ணா எடுத்து, வாசிச்சு, பதில் சொல்லுவாங்க.

"எதுக்குக்கா கையால? ஸ்கிரீன்ஷாட் போதுமே."

"ஸ்கிரீன்ல அது அவங்க பேச்சு. என் கையெழுத்துல எழுதிட்டா என் சாமான். என் சாமானைக் கண்டு நான் எதுக்குப் பயப்படணும்?"

இம்புட்டு தெம்பு எந்தக் கடையில விக்கிறாங்கன்னு தெரியல.

கையவிட்டுப் பாத்தேன். நாலாவது சீட்டு. என்னோடது. ஒரு எழுத்து மாறல. கும்பிடு எமோஜியக்கூட வரைஞ்சு வச்சிருக்காங்க.

"அதுவா? அதுதான் மோசம்"னாங்க அக்கா, சட்டியக் கழுவிக்கிட்டே. "திட்டுனவங்க பேச்ச நான் கேட்டதே இல்ல. இது மரியாதையா இருந்துச்சா, கேட்டுட்டேன். நாலு மாசம் கிளவுஸ். ஒருநாள் எண்ணெய் தெறிச்சு கிளவுஸ் உருகி ஒட்டிக்கிச்சு." கட்டை விரலக் காட்டுனாங்க. "இந்த விரல்ல வெள்ளை இல்லாம இருந்துச்சு. புண்ணு ஆறுச்சு, ஆறுன எடம் வெள்ளை. எங்களுக்கு அப்பிடித்தான், அடிபட்ட எடத்துலயும் வந்துரும்."

டிரைபாட மடக்கிட்டு வந்துட்டேன்.

அழிச்சா போயிரும்னு நெனச்சேனே. விரல்ல இருக்கு.

நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லிரலாமா? போகலைன்னா தப்பிச்சேன். போனா சொல்லணும். சொன்னா அக்கா போச்சு.

ஜூலை 13, ஞாயிறு

போனேன்.

மாடியில பந்தக்காலு நட்டு பழைய சேலை கட்டியிருந்தாங்க. காத்துல பட்டுப் பட்டுன்னு அடிக்குது, ஆடியோ போச்சுன்னு நெனச்சேன். முப்பது பேரு இருக்கும். ரெண்டு காலேஜ் பிள்ளைக நாகமலை புதுக்கோட்டையில இருந்து. மொதல்ல ஆட்டோ ஓட்டுற சலீம் அண்ணே, வாடகைக்கு வீடு தேடுன கதை. "போன்ல சரி சரின்னாங்க. பேரைச் சொன்னேன். 'ஐயோ, எங்க சொந்தக்காரங்க வாராங்களே'ன்னாங்க. வருசம் ஒண்ணாச்சு, அந்தச் சொந்தக்காரங்க இன்னும் பஸ்ஸே ஏறல போல, வீடு பூட்டியே கெடக்கு." எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. சிரிப்பு அப்பிடியே அடங்கிருச்சு. அந்த எடம் அழகா வந்திருக்கு வீடியோவுல.

அப்புறம் அக்கா. டின்னுல இருந்து மூணு சீட்டு. மூணும் என்னோடது இல்ல. டின்ன மூடிட்டாங்க. தப்பிச்சேன்னு மூச்சு விட்டேன்.

பின்னாடி இருந்து ஒரு பெரியவரு, "ஏம்மா, இதுகள எழுதுனவங்க யாராச்சும் நேர்ல வந்திருக்காங்களா?"

"இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் வரல. வந்தா நல்லாருக்கும். ஒரே ஒரு கேள்வி கேக்கணும் எனக்கு."

போன் ஸ்கிரீன்ல அக்கா மூஞ்சி. போன்ல இருந்து கண்ண எடுத்தேன்.

"நான் வந்திருக்கேன்க்கா."

எல்லாரும் திரும்புனாங்க. அக்கா மட்டும் என்னையப் பாக்கல, டின்னப் பாத்தாங்க.

"எது?"

"கிளவுஸ்."

எம்புட்டு நேரம்னு தெரியல. வீடியோவுல பாத்தா பதினோரு செகண்டுதான்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"வடை தின்னியே."

"ஆமாக்கா."

"கேமராவ எங்க வீட்டுக்காரருகிட்டக் குடு. இங்க வந்து உக்காரு." உக்காந்தேன். "அழக்கூடாது. நீ அழுதா நான் சமாதானம் சொல்லணும், அது எனக்கு ஒரு வேலை. என் கேள்வி இதுதான். கையப் பாத்ததும் உனக்கு யாரு ஞாபகம் வந்தாங்க?"

ஏன் எழுதுனன்னு கேப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். இதக் கேப்பாங்கன்னு நெனைக்கல. ஆனா பதில் வாயிலயே இருந்திருக்கு.

எங்க அத்தை. அப்பா கூடப் பொறந்தவங்க, பேரையூர்ல இருக்காங்க. அவங்களுக்கும் கையில, கழுத்துல வெள்ளை. விசேசத்துல பந்தி பரிமாற விடமாட்டாங்க. ஆரத்தித் தட்டத் தொட விடமாட்டாங்க. காய்கூட நறுக்க விடாம, "நீ உக்காரு தாயி, உனக்கெதுக்குச் செரமம்"னு மரியாதையாச் சொல்லுவாங்க. அத்தையும் சிரிச்சுக்கிட்டே ஓரமா உக்காரும். எங்க வீட்டுல அதுக்குன்னு ஒரு தட்டு. அதக் கழுவி வைக்கிறது என் வேலை, தனியா, வேற நாரு போட்டு. அன்பாத்தான் ஒதுக்குறோம்னு நெனச்சேன். அந்த மரியாதையத்தான் கமெண்ட்ல எழுதிருக்கேன்.

எல்லாத்தையும் சொன்னேன். அழல. மூக்கு மட்டும் ஒழுகுச்சு.

அக்கா கொஞ்ச நேரம் கட்டை விரலத் தேச்சுக்கிட்டே இருந்தாங்க. "எனக்குக் கோவந்தான். இன்னைக்கே போயிருச்சுன்னு சொன்னா பொய்யி. ரெண்டு நாள் உன்கூடப் பேச மாட்டேன். அப்புறம் பேசுவேன்." கூட்டத்தப் பாத்து, "இந்தப் பிள்ளைக்கு யாரும் கை தட்டாதீங்க. ஆனா தண்ணி குடுங்க"ன்னாங்க.

சலீம் அண்ணே தண்ணி பாட்டில நீட்டுனாரு.

இதுக்கு மேல ஒரு மனுசி எப்பிடி இருக்க முடியும்?

ஜூலை 14, திங்கள்

தூக்கமில்ல. கடையில ஒருத்தர் போனுக்கு வேற மாடல் கவர் மாட்டிக் குடுத்துட்டேன்.

எடிட்டிங்ல உக்காந்தேன். பதினோரு செகண்ட வெட்டலாமா? என் மூஞ்சிய பிளர் பண்ணலாமா? அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். பேச மாட்டேன்னவங்க. அவங்க வீட்டுக்காரரு நம்பர்ல இருந்து வாய்ஸ் வந்துச்சு: "ரேவதி சொல்லச் சொன்னா. எதையும் வெட்டக் கூடாதாம். அவ உன்கூடப் பேசல, நான்தான் பேசுறேன்." பின்னாடி அக்கா கொரல், அவங்க பாஷையில, என்னமோ அதட்டல். பத்து தடவ கேட்டேன்.

அம்மாகிட்ட முழு வீடியோவையும் காட்டுனேன். அத்தை பேச்சு வந்த எடத்துல அடுப்ப அமத்திருச்சு. "நம்ம வீட்டுப் பேச்ச ஊருக்கே சொல்லணுமா?"

"நம்ம வீட்டுல மட்டும் நடந்தா சொல்லிருக்க மாட்டேன்மா."

அம்மா சட்டிய இறக்கி வச்சுச்சு. அப்புறம், "உங்க அத்தைக்கு அனுப்பிட்டியா?"

"உன்கிட்டக் கேட்டுட்டு அனுப்பலாம்னு."

"அனுப்பு. நான் போன் போட்டா எடுப்பாளோ என்னமோ."

எடுத்துச்சு அத்தை. ரெண்டு பேரும் மழையப் பத்தியே பேசுனாங்க, அம்புட்டு நேரமும். மழையே இல்ல.

வீடியோவோட போடப்போறது, என் சொந்த ஐடியில, என் மூஞ்சி டிபியில:

"ரேவதி அக்கா கையப் பத்தி அந்தக் கமெண்ட் எழுதுனது நான். முழுசாப் பாருங்க, நடுவுல தள்ளி ஓட்டாதீங்க. நீங்களும் யாருக்காச்சும் இப்பிடி எழுதியிருந்தா, மரியாதையா எழுதியிருந்தாலும், சொந்தப் பேருல கீழ வந்து சொல்லுங்க. உங்க வீட்டுல யாரைப் பரிமாற விடலன்னு சொல்லுங்க. நாலு பேருக்கு அனுப்புங்க, முக்கியமா வீட்டு வாட்ஸப் குரூப்புக்கு. ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணி, அக்கா மாடி, யாரு வேணா வரலாம், எதுவேணா கேக்கலாம். அத்தை, நீங்களும் வாங்க. இந்தத் தடவ நீங்கதான் பரிமாறணும்."